மாசமாக இருக்கும்போது வீட்டில் பூனை இருக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கைவிடப்பட்ட பூனைகளுக்கு வீடு தேடித் தரும் வேலையைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். எனக்கு வரும் போன்களில் நிறைய ஒரே மாதிரிதான் தொடங்கும்: "மனைவி மாசமா இருக்கா, எங்க பூனையை யாராவது எடுத்துப்பாங்களா?" விசாரித்தால் அந்தப் பூனைக்கு ஐந்து வயதோ ஆறு வயதோ இருக்கும், வாசற்படியைத் தாண்டியே இருக்காது. நானும் இரண்டு பூனைகளோடுதான் என் மகளைப் பெற்றேன். அப்போது என் மகப்பேறு டாக்டரிடமும் கால்நடை டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை, பிறகு தேடிப் படித்தவை எல்லாம் இங்கே இருக்கின்றன. உங்களைப் பரிசோதித்துப் பார்க்கும் டாக்டர் ஏதாவது மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

"ரெண்டு கோடு வந்திருச்சு. இப்ப பூனையை யாருக்காவது குடுத்துடணுமா?"

வேண்டாம். பூனை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அது மலம் கழிக்கும் மண் டப்பாவை அள்ளிச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் இன்றிலிருந்து வீட்டில் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். கூடவே சமையலறையில் சில பழக்கங்களை மாற்ற வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு வண்டியும் தெரியாது, நாயும் தெரியாது. அப்படி விடப்பட்ட ஒன்றை மூன்றாம் நாள் தேடிப் போனபோது ஒரு கடை ஷட்டருக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது. சாப்பாடு வைத்தும் அது அசையவில்லை.

"பூனையால கருவுக்கு என்னதான் ஆகும்? அது என்ன நோய்?"

டாக்சோபிளாஸ்மா என்று ஓர் ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. ஆடு, பன்றி, கோழி, எலி, மனிதர் என்று பலவற்றின் தசையிலும் போய்த் தங்கும். ஆனால் பூனை இனத்தின் குடலில் மட்டும்தான் அது முட்டை போன்ற உறைகளை உண்டாக்கும். அவை மலத்தோடு வெளியே வரும். வாழ்நாள் முழுக்க இப்படி வருவதில்லை. முதல் முறை தொற்றும்போது, பெரும்பாலும் எலி குருவி பிடிக்கக் கற்கும் சின்ன வயதில், ஒன்று முதல் மூன்று வாரம் வரை வரும். அப்புறம் பெரும்பாலான பூனைகளில் நின்றுவிடும்.

தாய்க்கு இந்தத் தொற்று முதல் தடவையாகக் கர்ப்ப காலத்தில் வந்தால்தான் குழந்தைக்குப் போகும் ஆபத்து. தாய்க்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சிலருக்கு லேசான காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது இருக்கும். முதல் மூன்று மாதத்தில் தொற்றினால் குழந்தைக்குப் போவது குறைவு, நூற்றில் 10, 15 என்ற அளவு. ஆனால் போய்விட்டால் பாதிப்பு கடுமையானது: கரு கலையலாம், மூளையில் நீர் கோக்கலாம், விழித்திரை கெடலாம். கடைசி மூன்று மாதத்தில் தொற்றினால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போகும். பிறக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, கண் கோளாறு வருடங்கள் கழித்துத் தலைகாட்டலாம். ஆக, இது பயப்பட வேண்டிய நோய்தான். அந்தப் பயத்தைப் பூனையின் மேல் இறக்கி வைத்துவிட்டு மற்ற வழிகளைத் திறந்து போட்டுவிடுகிறோமே என்பதுதான் என் கவலை.

"பூனை முடி வயித்துக்குள்ள போனா குழந்தைக்கு ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க"

சாப்பாட்டில் விழுந்த முடி இரைப்பைக்குப் போகும், குடலுக்குப் போகும், வெளியே போய்விடும். குழந்தை இருப்பது கருப்பையில். இரண்டுக்கும் இடையில் முடி போகிற பாதை கிடையாது. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த செக்கப்புக்கு அவரையும் அழைத்துப் போய் டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பல வீடுகளில் இது பலித்திருக்கிறது.

ஏற்கெனவே வீசிங் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். பூனையின் எச்சிலிலும் தோல் பொடியிலும் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். அப்படியானால் படுக்கையறைக்குள் பூனையை விடாதீர்கள். கர்ப்பம் என்பதற்காக இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

"தடவலாமா? மடியில வச்சுக்கலாமா?"

தாராளமாக. மலத்தில் வரும் உறைகள் உடனே தொற்றாது. வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாள் ஆன பிறகுதான் அவற்றுக்குத் தொற்றும் பக்குவம் வரும். பூனையோ ஒரு நாளைக்குப் பல தடவை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. அதன் ரோமத்தில் பக்குவப்பட்ட உறைகள் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தடவிவிட்டுச் சாப்பிடப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், போதும்.

வயிற்றின் மேல் குதித்துவிட்டது என்று பதறிக் கேட்பவர்களும் உண்டு. குழந்தை பனிக்குட நீருக்குள் மிதக்கிறது. மூன்று நான்கு கிலோ பூனையின் துள்ளல் அதை எட்டாது. வலி நீடித்தாலோ ரத்தக் கசிவு இருந்தாலோ மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

"அவர் வெளியூர்ல வேலை. மண்ணை நான்தான் அள்ளணும். என்ன பண்றது?"

இதுதான் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேள்வி. முந்தின பதிலில் சொன்ன அந்த ஒரு நாள் அவகாசம்தான் உங்களுக்குத் துணை. தினமும், முடிந்தால் பூனை போன உடனே, அள்ளிவிட்டால் உறைகள் பக்குவப்பட நேரமே இருக்காது. அவர் வரும் சனிக்கிழமை வரை டப்பாவை அப்படியே போட்டு வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஐந்து நாள் மலத்தை அவர் கிளறும்போது பறக்கும் தூசி அதே வீட்டில்தான் படியும்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மாஸ்க்கும் போடுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். அவற்றுக்கு அடியில் இருப்பது கை கழுவும்போது போகாது. மண்ணை உதறாமல் அள்ளி, கவரில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரமாகட்டும் என்று செடித் தொட்டியில் கொட்டாதீர்கள். முடிந்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டப்பா சமையலறைப் பக்கமே இருக்கக் கூடாது. கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து மணல் அள்ளி வந்து நிரப்புகிறவர்கள் அதை நிறுத்துங்கள்: அந்தக் குவியல் ஏற்கெனவே தெருப் பூனைகள் எல்லாவற்றுக்கும் கழிப்பறை. பூனை டப்பாவுக்கென்றே கடையில் விற்கும் 'லிட்டர்' மண், அல்லது கிழித்துப் போட்ட செய்தித்தாள் நல்லது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இந்த வேலையைக் கொடுப்பதாக இருந்தால் அவரும் மாசமாக இருக்கிறாரா, இருக்க வாய்ப்புண்டா என்று முதலில் கேளுங்கள். கையுறை வாங்கிக் கொடுங்கள், இதற்கென்று தனியாகப் பணமும் கொடுங்கள். உங்கள் குழந்தைக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதை அவருடைய குழந்தையின் பக்கம் தள்ளிவிடக் கூடாது.

"டப்பாவுல பினாயில், டெட்டால் ஊத்தி ஊற வச்சா செத்துடாதா?"

சாகாது. அந்த உறை அவ்வளவு கெட்டி. பிளீச்சிங் பவுடர் கரைசலையும் தாங்கும். ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதைக் கொல்வது சூடுதான். டப்பாவைக் காலி செய்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் விட்டுக் கழுவி, வெயிலில் காய வையுங்கள். பினாயில் வாடை பூனைகளுக்கே ஆகாது. அதன் நச்சு அவற்றின் உடம்பையும் கெடுக்கும்.

"எங்க பூனை ஊரெல்லாம் சுத்தும், எலி பிடிக்கும். அதையும் வச்சுக்கலாமா?"

வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் இந்தப் பத்து மாதம் மட்டும் வீட்டுக்குள் பழக்கிப் பாருங்கள். ஒரேயடியாக அடைத்தால் கத்தித் தீர்த்துவிடும். முதலில் இரவில் மட்டும் உள்ளே, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. கோழிக் கடைக் கழிவு, ஈரல், குடல் எதையும் பச்சையாகப் போடாதீர்கள், வேக வைத்துப் போடுங்கள். உள்ளேயே இருந்து, வேக வைத்த சாப்பாடோ பாக்கெட் உணவோ மட்டும் சாப்பிடும் பூனைக்குப் புதிதாகத் தொற்ற வழியே இல்லை என்று சொல்லலாம்.

வெளியே போகும் பூனை உங்கள் டப்பாவில் போகாது, பக்கத்துத் தோட்டத்தில் போகும். ஆகவே மண்ணைத் தொடும் வேலைகள்தான் உங்களுக்குக் கவனம். மாடித் தோட்டத்துத் தொட்டிகளைக் கையுறை இல்லாமல் கிளறாதீர்கள். காலையில் வாசல் பெருக்கும்போது முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள், தூசி பறக்காது. கோலம் போட்டுவிட்டு வந்து நேராகக் காபித் தம்ளரைத் தொடாமல் கையைக் கழுவிவிடுங்கள்.

"நாங்க பூனையே வளர்க்கல. எனக்குக் கவலை இல்லதானே?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே நான் கொஞ்சம் பதறிப் போவேன். பூனை இல்லாத வீட்டில்தான் யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை. இந்த ஒட்டுண்ணி ஆட்டின் தசையில் உயிரோடு தங்கும் என்று மேலே சொன்னேன். 1965-லேயே பாரிஸில், ஒரு காசநோய் மருத்துவ இல்லத்தில் குழந்தைகளுக்கு அரைவேக்காட்டு ஆட்டிறைச்சி கொடுக்கப்பட்டபோது இந்தத் தொற்று மளமளவென்று கூடியதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பூனையின் மலத்துக்கு இதில் உள்ள பங்கு அதற்குச் சில வருடம் கழித்துத்தான் உறுதியானது. 2000-ஆம் ஆண்டு ஆறு ஐரோப்பிய நகரங்களில் கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வொன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தொற்றுகளில் நூற்றுக்கு 30 முதல் 63 வரை சரியாக வேகாத, பதப்படுத்தி அப்படியே சாப்பிட்ட இறைச்சியால் வந்தவை. 6 முதல் 17 வரை மண்ணால் வந்தவை. பூனையோடு பழகியது தனியான காரணமாகத் தெரியவே இல்லை.

நம் வீடுகளில் இது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரத்தம் ஊற வேண்டும் என்று மாசமாக இருக்கும் பெண்ணுக்குச் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வருவார்கள். ரொம்ப வேக வைத்தால் சத்துப் போய்விடும் என்று தீயில் லேசாக வாட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே கொடுப்பார்கள். அன்போடு செய்வதுதான், ஆனால் வேண்டாம். நடுவில் சிவப்போ ரத்தக் கசிவோ இல்லாத அளவு வேகட்டும். குக்கரில் வைத்துவிட்டால் கவலையே இல்லை. இரும்புச் சத்து வேக்காட்டில் எங்கும் போய்விடாது. அப்புறம், கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக் கறியில் உப்புப் பார்க்கிறேன் என்று நாக்கில் வைப்பது. கறி நறுக்கிய பலகையிலேயே வெங்காயம், வெள்ளரி நறுக்குவது. காய்ச்சாத ஆட்டுப் பால் குடிப்பது. இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள்.

"நாங்க சுத்த சைவம். அப்ப எதுவுமே இல்லல்ல?"

கறி வழியாக வராது, சரி. கொத்தமல்லி, புதினா, கீரை, கேரட் எல்லாம் மண்ணிலிருந்துதான் வருகின்றன. பச்சையாகச் சாப்பிடுவதை ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். வேர் மண்ணோடு வரும் கட்டுகளை முதலில் வேரை வெட்டிவிட்டுக் கழுவுங்கள். சாலட், துவையல் எல்லாம் வீட்டில் கழுவிச் செய்ததாக இருக்கட்டும்.

தண்ணீரையும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இது எங்கோ நடக்கிற கதையில்லை. 2004, 2005 வாக்கில் கோவையில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த ஒட்டுண்ணியால் கண்ணில் பாதிப்பு வந்து, அங்குள்ள கண் மருத்துவர்கள் அதை ஆராய்ந்து எழுதினார்கள். ஊர்க் குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்றே சந்தேகப்பட்டார்கள். குளோரினுக்கு இது சாகாது, கொதி நீருக்குச் சாகும்.

"பூனைக்கு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்துட்டா நிம்மதியா இருக்கலாமா?"

பணம்தான் போகும். பாசிட்டிவ் என்று வந்தால் அந்தப் பூனைக்கு முன்பே தொற்றி முடிந்துவிட்டது, இனி மலத்தில் வர வாய்ப்பு குறைவு என்று பொருள். நெகட்டிவ் என்றால் இனிமேல்தான் தொற்றக்கூடும். பயந்துகொண்டு போகிறவர்களுக்கு இது தலைகீழாகப் புரிகிறது. பாசிட்டிவ் வந்த பூனையைத்தான் விரட்டுகிறார்கள். பூனைக்கு இதற்குத் தடுப்பூசியும் கிடையாது, பூச்சி மருந்துக்கும் இது போகாது. அந்தப் பணத்தில் ரேபிஸ் ஊசி போட்டு விடுங்கள்.

"டார்ச் டெஸ்ட்ல டாக்சோ ஐஜிஜி பாசிட்டிவ்னு வந்திருக்கு. பூனையை விட்டுடச் சொல்லி வீட்டுல ஒரே ரகளை"

டார்ச் என்பது டாக்சோ உள்ளிட்ட சில தொற்றுகளைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் தொற்றுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள்: ஐஜிஎம் முதலில் வரும், ஐஜிஜி பிறகு வந்து நிலைத்து நிற்கும். ரிப்போர்ட்டில் ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று இருந்தால் அது நல்ல செய்தி. எப்போதோ, சின்ன வயதிலேயேகூட, தொற்று வந்து போயிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ இல்லாதவரை, அந்தப் பழைய தொற்று இந்தக் குழந்தைக்குப் போகாது என்றே எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் நெகட்டிவ் என்று வந்தவர்கள்தான் இந்தப் பக்கத்தில் சொன்னதை எல்லாம் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

"ஐஜிஎம்மும் பாசிட்டிவ். கலைச்சுடலாம்னு பேசிக்கிறாங்க"

அந்த ஒரு காகிதத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஐஜிஎம் சிலருக்கு மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும்கூட, பாசிட்டிவாகவே நிற்கும். தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. அடுத்து ஐஜிஜி அவிடிட்டி என்ற பரிசோதனை இருக்கிறது. அந்த எதிர்ப்புப் பொருள் கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பது அது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்து அது அதிகம் என்று வந்தால், தொற்று வந்தது கர்ப்பத்துக்கு முன்பு என்று தெரிந்துவிடும்.

புதிய தொற்று என்றே உறுதியானாலும் வழி இருக்கிறது. குழந்தைக்குப் போகாமல் தடுக்கப் பார்க்கும் ஸ்பைராமைசின் மாத்திரை இருக்கிறது. 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துக் குழந்தைக்குப் போயிருக்கிறதா என்றே பார்க்க முடியும். போயிருந்தால் அதற்கு வேறு மருந்துகள் உண்டு. கருவில் இருக்கும் சிசுவுக்கான மருத்துவம் தெரிந்த மகப்பேறு டாக்டர் ஒருவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

"எனக்கு ரெண்டு தடவை கலைஞ்சிருச்சு. பூனைதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க"

முதலில், உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இந்தத் தொற்று ஒரு கர்ப்பத்தைக் கலைக்கக் கூடும் என்பது உண்மை. ஆனால் ஒரு முறை வந்தபின் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதால், அடுத்தடுத்துக் கலைவதற்கு இது காரணமாக இருப்பதில்லை. இரண்டு முறை கலைந்திருந்தால் தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு, ரத்த உறைவுக் கோளாறு, கணவன் மனைவி இருவரின் குரோமோசோம் என்று பார்க்க வேண்டியவை வேறு. பூனையை விரட்டிவிட்டு அத்தோடு தேடலை நிறுத்திவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையான காரணம் கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கிறது, அந்தப் பெண் மூன்றாவது முறையும் அதே வலியைப் படுகிறாள். ஐஜிஜி பாசிட்டிவ் என்ற பழைய ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது பூனை மேல் பழி போட்டால் மேலே உள்ள பதிலைக் காட்டுங்கள்.

"தெருப்பூனை கடிச்சிருச்சு. மாசமா இருக்கும்போது நாய்க்கடி ஊசி போடலாமா?"

போட வேண்டும், இன்றைக்கே. இந்தப் பக்கத்தில் உங்கள் உயிருக்கே ஆபத்தான விஷயம் இது ஒன்றுதான். ரேபிஸ் பூனை வழியாகவும் வரும், வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித் தூள் எதுவும் அப்பாதீர்கள். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். அங்கே ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள். தசையில் போடுவதானால் 14-ஆம் நாளும் சேரும். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். இரண்டுமே கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கேடு செய்யாதவை. ரத்தம் வரும்படி பிராண்டினாலும் இதேதான். வீட்டுப் பூனை, ஊசி போட்ட பூனை என்றாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

"ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போறேன். அங்க மூணு பூனை, எல்லாம் தோட்டத்துல சுத்துறது"

போய் இருங்கள். கடைசி மாதங்களில் தொற்று குழந்தைக்குப் போகும் வாய்ப்பு கூடுதல் என்று முன்பே சொன்னேன், ஆகவே அங்கே போனதும் கவனம் தளரக் கூடாது. மண் டப்பா, தோட்டம், வாசல் மூன்றும் அம்மா பொறுப்பு. அம்மா கையால் சுவரொட்டி வரும். வேக்காட்டைப் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள்.

இங்கே விட்டுப் போகும் உங்கள் பூனையைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அவர் கையால் சாப்பாடு வைக்கப் பழக்குங்கள். நீங்கள் உடுத்திய பழைய நைட்டி ஒன்றை அது படுக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் போங்கள்.

"குழந்தை பிறந்த பிறகு தூளிக்குள்ள பூனை ஏறிப் படுத்துக்குமே?"

ஏறும். சூடும் ஆட்டமும் அதற்கும் பிடிக்கும். குழந்தைக்குத் தீங்கு நினைத்து ஏறுவதில்லை. ஆனால் பச்சைக் குழந்தையால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது, முகத்தோடு ஒட்டி அது படுத்தால் மூச்சு முட்டும். குழந்தை தூங்கும் அறைக் கதவைச் சாத்தி வையுங்கள். தூளியைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே கட்டி, பூனை ஏறும்போதெல்லாம் இறக்கி விட்டுப் பழக்குங்கள். பெரியவர் யாரும் இல்லாமல் குழந்தையையும் பூனையையும் ஒரே அறையில் விடாதீர்கள். தாய்ப்பால் வழியாக இந்தத் தொற்று போகாது, தயங்காமல் கொடுங்கள்.

"மழையில நனைஞ்சு ஒரு குட்டி வாசல்ல கத்துது. எனக்கு அஞ்சாவது மாசம். எடுத்துக்கலாமா?"

காப்பாற்றுங்கள், உங்கள் கையால் வேண்டாம். குட்டிப் பருவத்தில்தான் முதல் தொற்று வரும், மலத்தில் உறைகள் வருவதும் அப்போதுதான். அது கடிக்கவும் பிராண்டவும் செய்யும், ஊசி போட்டிருக்காது. கர்ப்பத்தின் நடுவில் புதுக் குட்டியை வீட்டுக்குள் சேர்ப்பதை மட்டும் எந்த டாக்டரும் விரும்ப மாட்டார்.

கணவரையோ தம்பியையோ கூப்பிட்டு, ஓர் அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து, மாடிப்படிக்குக் கீழே மழை படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மாட்டுப் பால் வைத்தால் வயிற்றால் போய் இன்னும் சோர்ந்துவிடும். பல் முளைத்த குட்டியென்றால் வேக வைத்த மீனை முள் எடுத்துப் பிசைந்து வைக்கலாம். மறுநாள் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போகட்டும். உங்கள் பிரசவம் வரை அவர் கையிலேயே வளரட்டும், இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள். நீங்கள் குழந்தையோடு வீடு திரும்பும்போது அது ஆறேழு மாதப் பூனையாக, பெட்டியில் கொள்ளாத அளவுக்கு வளர்ந்து நிற்கும்.